சூடேறிய ஆக்சிலரேட்டர் கேபிள்

காசிமேட்டில் கடற்காற்று படும் தெருவில் நிற்கும் என் பழைய கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. நான்கு நாட்களாகச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியதே தவிர, எஞ்சின் சுழலவில்லை. புதிய பேட்டரி போட்டேன், ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ்களையும் மாற்றினேன், பயனில்லை.

தற்செயலாகத் தொட்ட ஆக்சிலரேட்டர் கேபிள், எஞ்சின் குளிர்ந்திருந்தும் சூடாக இருந்தது. வழக்கமான வழி அடைபட்டதால் மின்னோட்டம் அந்த மெல்லிய கம்பி வழியே திரும்புகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்து, மகனைச் சாவி திருப்பச் சொன்னபோது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 3 வோல்ட்டைக் காட்டியது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே மின்னோட்டம் திரும்பும் வழியான எர்த் பட்டை பார்வைக்கு நன்றாக இருந்தாலும், போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. பட்டையை மாற்றி, தொடுமிடத்தை உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது 0.2 வோல்ட்; பழைய பேட்டரியிலேயே எஞ்சின் முதல் திருப்பில் பிடிக்கிறது.