சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டியில் 1 எச்பி மோட்டாரை இணைப்பது எப்படி

விஎஃப்டி என்பது கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி; இந்த வகை சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகத் தரும். முதலில் மோட்டாரின் நேம்பிளேட்டைப் பாருங்கள். நம்ம ஊர் சின்ன த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது). 230 வோல்ட் விஎஃப்டி வெளியே தருவதும் 230தான், அதனால் டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் அவற்றை இணைக்கும் பட்டைகளை டெல்டாவுக்கு (சுருள்கள் வளையமாகச் சேர்வது) மாற்ற வேண்டும், மூன்றே வயர் வந்தால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

மெயினை அணைத்து, டெஸ்டரை நம்பாமல் மீட்டரில் பாருங்கள். எம்சிபி வழியாக ஃபேஸும் நியூட்ரலும் இன்புட்டுக்கு, மோட்டார் வயர்கள் அவுட்புட்டான யூ, வி, டபிள்யூவுக்கு. மெயினை அவுட்புட்டில் மாற்றிக் கொடுத்தால் விஎஃப்டி அங்கேயே போய்விடும். எர்த் கட்டாயம்: மோட்டார் பாடியிலிருந்து விஎஃப்டிக்கு, அங்கிருந்து மெயின் எர்த்துக்கு. ஷீல்டு கேபிள் (உள்ளே உலோக உறை சுற்றியது) என்றால் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டரோ, ஓடும்போது அணைக்கிற சுவிட்சோ வேண்டாம்.

சப்ளையை நிறுத்தியதும் கை வைக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், மேனுவலில் சொன்ன நேரம் (பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம்) காத்திருந்து பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் அளந்த பிறகுதான் திறக்க வேண்டும். மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைப்பதானால் விஎஃப்டியிலிருந்து மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு.

அப்புறம் ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் எல்லாம் விஎஃப்டியில் பதிந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திசை தலைகீழா? மறுபடி சப்ளையை அணைத்து, காத்திருந்து, அவுட்புட்டில் ஏதாவது இரண்டை மாற்றினால் சரி.