நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை ஒப்பிடப் போகிறீர்களா? முதலில் சுவிட்சைச் சரிசெய்யுங்கள்

எங்கள் அலுவலகத்தில் சுவிட்ச், ஃபயர்வால், ஆக்ஸஸ் பாயிண்ட், சர்வர் எல்லாம் சேர்த்து 46 சாதனங்கள். தினமும் காலை பதினொரு மணியானால் முதல் மாடியிலிருந்து "நெட் ஸ்லோ" என்று போன் வரும். எங்கே அடைக்கிறது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. அதனால் லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ், பிஆர்டிஜி, ஆப்மேனேஜர் ஆகிய நான்கு கண்காணிப்பு மென்பொருள்களையும் ஒரே நெட்வொர்க்கில் ஒரு மாதம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐபி முகவரி, விலேன் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சாதனங்களையும் போர்ட்டுகளையும் எண்ணிப் பாருங்கள்

விலைப் பட்டியலைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். சென்னையில் ஸோஹோ உருவாக்கும் ஆப்மேனேஜரில் சாதனக் கணக்கில் விலை. ஜெர்மனியின் பிஆர்டிஜியில் சென்சார் கணக்கு: ஒரு போர்ட்டின் டிராஃபிக் ஒரு சென்சார், பிங் ஒரு சென்சார், சிபியு இன்னொன்று. 100 சென்சார் வரை இலவசம் என்பதைப் பார்த்ததும் தாராளமாகத் தெரியும். நான்கு 24 போர்ட் சுவிட்சுகளில் எல்லா போர்ட்டையும் சேர்த்துப் பாருங்கள், 96 போய்விடும். லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவிப் பராமரிக்க லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

படி 2: சாதனங்களில் எஸ்என்எம்பியை இயக்குங்கள்

சாதனத்தின் நிலையையும் டிராஃபிக்கையும் மென்பொருள் கேட்டுப் பெறும் நெறிமுறைதான் எஸ்என்எம்பி. அதில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயர் 'பப்ளிக்' என்றிருந்தால் உடனே மாற்றுங்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், அதையும் கண்காணிப்பு சர்வரின் ஐபிக்கு மட்டும் கொடுங்கள். ஃபயர்வாலில் யுடிபி 161 திறந்திருக்க வேண்டும். ட்ராப் (கேட்காமலே சாதனம் தானாக அனுப்பும் தகவல்) அனுப்புவதாக இருந்தால் சர்வர் பக்கம் 162. சாதனம் எஸ்என்எம்பி பதிப்பு 3-ஐ ஏற்றால் அதையே வையுங்கள், ஏனென்றால் பதிப்பு 2சி-யில் கம்யூனிட்டி பெயர் மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகிறது.

படி 3: பதிப்பு 1 வேண்டவே வேண்டாம்

இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது. மூன்று மென்பொருள்களில், முதல் மாடி சுவிட்சிலிருந்து கோர் சுவிட்சுக்கு (மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் மைய சுவிட்ச்) போகும் ஜிகாபிட் இணைப்பான அப்லிங்கில் பதினொரு மணிக்கு 600 மெகாபிட்டுக்கு மேல் தெரிந்தது. நான்காவதில் வரைபடம் 115 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. அந்த மென்பொருளை ஒதுக்கிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். பிறகு பார்த்தால், அதில் மட்டும் அந்த சுவிட்சை நான் எஸ்என்எம்பி பதிப்பு 1 என்று சேர்த்திருந்தேன்.

காரணம் இதுதான். போர்ட் வழியாகப் போகும் பைட்டுகளை சுவிட்ச் ஓர் எண்ணியில் கூட்டிக்கொண்டே வருகிறது. பதிப்பு 1-இல் கிடைப்பது 32 பிட் எண்ணி. ஏறக்குறைய 429 கோடி பைட் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஜிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் அதற்கு 34 வினாடி போதும். மென்பொருள் எட்டிப் பார்ப்பதோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நடுவில் எண்ணி எத்தனை முறை சுற்றியது என்று அதற்குத் தெரிய வழியில்லை. 429 கோடி பைட்டை 300 வினாடியால் வகுத்துப் பாருங்கள், அந்த 115 மெகாபிட் கிடைக்கும். பதிப்பு 2சி, 3 இரண்டிலும் 64 பிட் எண்ணி உண்டு. அதே வேகத்தில் அது ஒரு சுற்று வர நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

சரிபார்க்க எளிய வழி: அப்லிங்க் வழியாக ஒரு பெரிய கோப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் நகலெடுங்கள். நகலெடுக்கும் வேகமும் வரைபடமும் ஒத்துப்போக வேண்டும்.

அடைப்புக்குக் காரணம் பில்லிங் சர்வரின் பேக்கப். அதை இரவு ஒரு மணிக்கு மாற்றினோம், போன் நின்றது.

படி 4: இப்போது ஒப்பிடுங்கள்

நூறு சாதனத்துக்குள், பெரும்பாலும் சுவிட்ச் என்றால் என் தேர்வு லிப்ரேஎன்எம்எஸ். சுவிட்சுகளில் எல்எல்டிபி (பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிவிக்கும் நெறிமுறை) இயங்கினால் ஒன்றைப் பிடித்து அடுத்ததைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்துவிடும். பழைய டெஸ்க்டாப்பே போதும், ஆனால் எஸ்எஸ்டி கட்டாயம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஓயாமல் எழுதுவதால் ஹார்ட் டிஸ்க் திணறும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் ஜாபிக்ஸ். டெம்ப்ளேட் (எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற தொகுப்பு), ட்ரிக்கர் (எப்போது அலர்ட் என்ற விதி) இரண்டும் புரிவதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். விண்டோஸ் மட்டுமே பழகிய குழு என்றால் பிஆர்டிஜி அல்லது ஆப்மேனேஜர். நாகியோஸை ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை, ஒவ்வொரு சாதனத்தையும் கோப்பில் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

படி 5: அலர்ட்டில் சார்பு கொடுங்கள்

கோர் சுவிட்ச் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் முப்பது சாதனங்களுக்கும் அலர்ட் வரும். எது எதன் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஒன்றுதான் வரும். நான்கிலும் இந்த வசதி உண்டு. இதைச் செய்யாவிட்டால் இரண்டே வாரத்தில் யாரும் அலர்ட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பிற்சேர்க்கை: இன்டர்நெட் போனால் அலர்ட் மெயில் வரவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மெயிலும் அதே லைனில்தானே வெளியே போக வேண்டும்? சர்வரில் ஒரு ஜிஎஸ்எம் மோடம் செருகி எஸ்எம்எஸ் அனுப்பச் செய்யுங்கள். இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து, அங்கிருந்து அலுவலக ஐபியைப் பிங் செய்யுங்கள்.

சுவிட்சை ரீபூட் செய்ததும் போர்ட் வரைபடங்கள் இடம் மாறிவிட்டதாக இன்னொருவர் எழுதினார். சில சுவிட்சுகள் ரீபூட்டுக்குப் பின் போர்ட்டின் உள் எண்ணை மாற்றிக் கொடுக்கும். அந்த எண்ணை நிலையாக வைக்கும் அமைப்பு சுவிட்சில் இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் மென்பொருளில் போர்ட்டின் பெயரை வைத்து அடையாளம் காணச் சொல்லுங்கள்; லிப்ரேஎன்எம்எஸ்ஸில் இதற்கான தேர்வு அந்தச் சாதனத்தின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது.