சமூகப்பணித் துறையில் கற்பித்தல் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் பருவத்தைத் தொடங்கும் முறை

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த சில வாரங்களில் துறைத்தலைவர் அழைத்து, "முதலாண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பிள்ளைகளின் களப்பணியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் இந்த வேலையைச் செய்தபோது நான் கற்றுக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: நேரத்தைக் கணக்கிட்டு, வேலையின் எல்லையைக் கேட்டு வாங்குங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வாளருக்கு வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி ஒதுக்கலாம். ஒரு களப்பணி அறிக்கையை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத 20 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 18 அறிக்கைகளைத்தான் பார்க்க முடியும். வகுப்பில் 30 பேர் இருந்தால், எல்லா அறிக்கைகளையும் ஒவ்வொரு வாரமும் நீங்களே பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே, பாதி மாணவர்களை ஒரு வாரமும் மீதிப் பேரை மறுவாரமும் பார்ப்பதா, அல்லது ஆசிரியரும் நீங்களும் பிரித்துக்கொள்வதா என்பதை இந்தக் கணக்கைக் காட்டி முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் மாதத்தில் போய்க் கேட்டால் அது முறையீடாகத்தான் காதில் விழும்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை யார் இடுவது என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பரிந்துரைப்பது உங்கள் வேலையாக இருக்கலாம். கையெழுத்து ஆசிரியருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

படி 2: இடத்தின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான துறைகளில் வாரத்தில் இரண்டு நாட்கள் களப்பணிக்கு ஒதுக்கப்படுகின்றன. மாணவர்கள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே தோட்டத்திற்குப் போய்விடுவார்கள். நண்பகலுக்குப் பிறகு அவர்களைப் பார்க்கலாம். உள்ளூரில் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களை மாலையில்தான் வீட்டில் காண முடியும். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆனால் அன்று காலை முழுவதும் கோயிலில் (இங்கே தேவாலயத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்) இருப்பார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்திற்குக் கிழக்கு, மேற்கு என இரண்டு கடற்கரைகளும் இருப்பதால் தடையும் இரண்டு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குடும்ப வருமானத்தைப் பற்றிக் கணக்கெடுக்கப் போகும் மாணவர், எந்த மாதத்தில் கேட்டார் என்பதை எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

படி 3: அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். என் முதல் பருவத்தில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கட்டு அறிக்கைகள் வந்ததும், சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை, தலைப்பிடும் முறை என்று ஒன்றுவிடாமல் திருத்தினேன். மறுவாரம் நான்கு பக்கமாக இருந்த அறிக்கைகள் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டன. அதிகம் எழுதினால் அதிகம் சிவப்பு விழும் என்று பிள்ளைகள் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு பென்சிலுக்கு மாறினேன். ஒரு அறிக்கைக்கு மூன்று குறிப்புகளுக்கு மேல் எழுதுவதில்லை. அவற்றில் இரண்டாவது குறிப்பு ஒரு கேள்வியாக இருக்கும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை எதைப் பார்த்து எழுதினீர்கள்?"

அந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் வீடு பார்க்கப் போன மாணவி, "குடும்பத் தலைவர் பொறுப்பற்றவர், மனைவியின் உழைப்பிலேயே வீடு நடக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் வழக்கமான கேள்வியைப் பென்சிலில் எழுதி அனுப்பினேன். "பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்" என்று பதில் வந்தது. மறுமுறை போகும்போது, அவர் எப்போது வள்ளத்தில் போனார், எப்போது கரைக்கு வந்தார் என்று கேட்டு வரச் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் கடலுக்குப் போனவர், காலையில் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறார். "பதினொரு மணிக்குத் தூங்கினார்" என்பது பார்த்தது. "பொறுப்பற்றவர்" என்பது நினைத்தது. அறிக்கைத் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்ததையும் கேட்டதையும், வலப்பக்கம் நினைத்ததையும் எழுதச் சொல்லுங்கள். நான்கு வாரம் போதும். பிறகு கோடு தேவைப்படாது.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும் துறைகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், கணவரை இழந்த பெண்மணி "எம்பாரஸ்டு" ஆக இருந்ததாக எழுதியிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்து, அந்தப் பெண்மணி சொன்ன சொல் என்ன என்று கேட்டேன். "சங்கடமா இருக்கு மக்களே" என்று சொல்லியிருக்கிறார். மதுரைக்காரருக்கு அது கூச்சம், தர்மசங்கடம். குமரி மாவட்டத்தில், மலையாளத்தில் போலவே, சங்கடம் என்றால் துக்கம். ஒரு சொல் மாறியதால், துக்கத்தில் இருந்தவர் தயங்கி நின்றவராகிவிட்டார். இதனால் நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: அறிக்கை எந்த மொழியில் இருந்தாலும், சேவை பெறுபவர் சொன்ன முக்கியமான வாக்கியங்களை அவர் சொன்னபடியே தமிழ் எழுத்தில் எழுத வேண்டும்.

மதிப்பெண் பரிந்துரைக்கும் முன், ஐந்து அறிக்கைகளை நீங்களும் ஆசிரியரும் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்கள் என்பது தெரிந்தால், மீதியைத் துணிந்து பார்க்கலாம்.

படி 4: தனிச் சந்திப்பையும் குழுச் சந்திப்பையும் கலக்காதீர்கள்

மாணவர்கள் ஐ.சி. (தனிச் சந்திப்பு), ஜி.சி. (குழுச் சந்திப்பு) என்று சொல்லும் இந்தச் சந்திப்புகளை நடத்துவது பெரும்பாலும் ஆசிரியரின் பொறுப்பு. அவர் வெளியூர் சென்றால் உங்களிடம் வரும். எல்லோருக்கும் பயன்படும் திறனைக் குழுவில் பேசலாம். ஒரு மாணவர் களத்தில் அழுதுவிட்டார் என்றால், அது தனிச் சந்திப்புக்கு உரியது. தந்தையைக் குடிப்பழக்கத்தில் இழந்த மாணவரைப் போதை மீட்பு மையத்தில் போட்டிருப்பது உங்கள் கவனத்திற்கு வந்தால், நீங்களே ஆலோசனை வழங்க முற்படாமல், இடமாற்றத்திற்கு ஆசிரியரிடம் பேசுங்கள். நீங்கள் அவருடைய ஆலோசகர் அல்லர்.

உங்களுக்கும் அவர்களுக்கும் வயது வித்தியாசம் மூன்று, நான்கு ஆண்டுகள்தான் இருக்கும். வகுப்பில் மேடம் என்பவர்கள் பேருந்து நிறுத்தத்தில் அக்கா என்பார்கள்; அதில் தவறில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதில்லை என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 5: எதை உங்களோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

அறிக்கையில் உண்மைப் பெயர், வீட்டு எண், புகைப்படம் எதுவும் இருக்கக் கூடாது. நாகர்கோவில்–மார்த்தாண்டம் பேருந்தில் மடியில் விரித்து வைத்துத் திருத்தாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் அந்த ஊர்க்காரராக இருப்பதற்கு இந்தச் சிறிய மாவட்டத்தில் வாய்ப்பு அதிகம்.

குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி மாணவர் எழுதியிருந்தாலோ சொன்னாலோ, அதை வழக்கமான ரகசியமாகக் கருத முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அப்படி ஒரு குற்றம் நடந்ததாக அறிந்தவர் எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. புகார் போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மாணவரைத் திரும்ப அனுப்பி, குழந்தையிடம் மீண்டும் விசாரித்து வரச் சொல்ல வேண்டாம்.

படி 6: பருவம் முடியும்போது பதிவேட்டை ஒப்படையுங்கள்

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்து வருபவர் நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்குவார். ஒரு சாதாரண நீள நோட்டில், களப்பணி நிறுவனத்திற்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள், எந்தத் திருவிழா வாரத்தில் போகவே கூடாது, கடைசிப் பேருந்து எப்போது, மாணவிகளைத் தனியாக அனுப்பலாமா, எந்த மாணவர் எந்தக் குடும்பத்தின் வேலையைப் பாதியில் விட்டுச் செல்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் அவசரமானது. "அடுத்த வாரம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையை எதிர்பார்த்து, அங்கே யாரோ ஒருவர் ரேஷன் அட்டையையும் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்துக் காத்திருப்பார்.