ஆர்க்கைவில ஃபாக்டரிப் பொம்பிளையளைத் தேடித் துணியில நீல நிறத்தில படம் அடிக்கிறது எப்பிடி

எங்கட சனிக்கிழமைத் தையல் குழுவில நாலு தமிழ், ரெண்டு எரித்ரியா, ஒரு குர்திஷ் அக்கா, எல்லாரும் அகதியா லண்டன் வந்தவை. போன வருஷம் தீப்பெட்டி ஃபாக்டரிப் பொம்பிளையளைப் பற்றி ஒரு பெரிய துணி செய்தனாங்கள். எப்பிடி எண்டு கேட்டுக் கொண்டே இருக்கினம், அதால எழுதிறன். தையல் தெரியும் எண்டு நினைச்சுத்தான் எழுதிறன், ஊசியில நூல் கோர்க்கிறதில இருந்து தொடங்கேலாது.

1. ஒரே ஒரு ஃபாக்டரியைப் பிடியுங்கோ

"பெண் உழைப்பு" எண்டு தொடங்கினால் கடலுக்கை விழுந்த மாதிரி. நாங்கள் எடுத்தது கிழக்கு லண்டன் போ பகுதியில இருந்த பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஃபாக்டரி. 1888 ஜூலையில ஏறத்தாழ 1,400 பொம்பிளையளும் பெட்டையளும் ஸ்ட்ரைக் செய்து வெளியில வந்தவை. அந்தக் கட்டிடம் இப்ப ஃபிளாட்ஸ்.

2. தேடுற சொல்லு (இதிலதான் எனக்கு மூண்டு கிழமை போனது)

ஆர்க்கைவின்ர (பழைய பதிவுகள் வைச்சிருக்கிற இடம்) கேட்டலாக்கில "உமன் வொர்க்கர்ஸ்" எண்டு அடிச்சு அடிச்சுப் பார்த்தன், பேந்து வந்த ஆராய்ச்சிக்காரரின்ர பேப்பர்தான் கூட வந்தது. ஏனெண்டால் அந்தக் காலத்தில ஒருத்தரும் அவையை அப்பிடிக் கூப்பிடேல்லை. "கேர்ல்ஸ்", "ஹேண்ட்ஸ்", "ஆபரேட்டிவ்ஸ்" எண்டு போடுங்கோ, வீட்டில இருந்து பெட்டி ஒட்டினவை எண்டால் "அவுட்வொர்க்கர்ஸ்". பிள்ளை பெத்தவளும் அங்க கேர்ள்தான். முதலாம் உலகப் போர்க் காலத்துக் குண்டு ஃபாக்டரிப் பொம்பிளையள் எண்டால் "முனிஷனெட்ஸ்", வெடிமருந்து பட்டுத் தோல் மஞ்சளானவை எண்டு "கனேரி" எண்டும் கிடக்கும். வருத்தத்தின்ர பேரையும் போடுங்கோ. தீக்குச்சிக்குப் பாவிச்ச வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரிச்சதுக்கு "நெக்ரோசிஸ்", அந்தச் சொல்லிலதான் கனபேர் ஒளிஞ்சிருக்கினம். அந்தக் கேஸுகளை அறிவிக்காமல் விட்டதுக்கு 1898இல கம்பனிக்கே அபராதம் விழுந்தது.

3. போட்டோவை விடுங்கோ, காசுப் புத்தகத்தைப் பாருங்கோ

இது என்ர பிடிவாதம். போட்டோவில வரிசையா நிப்பாட்டி வைச்சிருப்பினம், ஆர் எவர் எண்டு இராது. கணக்கு எழுதினவனுக்குப் பேர் வேணும் தானே. அந்த ஸ்ட்ரைக் காசு குடுத்த பதிவேடு லண்டன் மெட்ரோபொலிட்டன் யுனிவர்சிட்டியில இருக்கிற டியூசி (தொழிற்சங்கக் காங்கிரஸ்) லைப்ரரியில கிடக்கு: பேர், விலாசம், கிழமைச் சம்பளம். கையெழுத்து வாசிக்கேலாது எண்டு பயப்பிடாதேங்கோ, ரெண்டு பக்கத்தில பழகிப் போகும்.

அந்தப் பொம்பிளையளின்ர சம்பளத்தில வெட்டின அபராதக் கணக்கு அன்னி பெசண்ட் எழுதின கட்டுரையில இருக்கு (ஓம், பேந்து அடையாறுக்குப் போன அதே பெசண்ட் தான்). கால் ஊத்தையா இருந்தால் 3 பென்ஸ். குர்திஷ் அக்கா அதை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவா. நான் வந்த புதுசில சாண்ட்விச் ஃபாக்டரி ஒண்டில இரவு வேலை, 4 நிமிஷம் பிந்தினதுக்கு 15 நிமிஷச் சம்பளம் வெட்டினவை, அந்த பே ஸ்லிப்பை எறியேல்லை. அதையும் துணியில அடிச்சம்.

4. ஆர்க்கைவுக்கு நேர போறதெண்டால்

பென்சில் மட்டும், பேனை விடமாட்டினம். ஒரு இடத்தில எங்கட பிள்ளை ஒருத்திக்கு ரீடர் டிக்கெட் (உள்ளுக்கை வாசிக்க விடுற அட்டை) இல்லை எண்டிட்டினம், விலாசத்துக்கு ஆதாரம் வேணுமாம். அகதி எண்டு அரசாங்கம் ஹோட்டல் அறையில வைச்சிருக்கிற பிள்ளை கரண்ட் பில்லுக்கு எங்க போறது? முதலே ஈமெயில் போட்டுக் கேளுங்கோ. லண்டனில இருக்கிற பிஷப்ஸ்கேட் இன்ஸ்டிட்யூட் ஆர்க்கைவ் எல்லாருக்கும் திறந்தது, இலவசம், அங்க தொடங்கிறது சுகம்.

5. படம் அடிக்கிறது

சயனோடைப் (வெயில் பட்டால் நீலமாகிற மருந்தைப் பூசிப் படம் அடிக்கிற முறை) தான் செய்யுங்கோ, ஸ்கிரீன் பிரிண்டிங் எல்லாம் செலவு. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணியில, பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம் வேற 100 மில்லியில, ரெண்டையும் சமனாக் கலந்து இருட்டு அறையில பூசிக் காய விடுங்கோ, கிளவுஸ் போடுங்கோ. துணி பருத்தி, முதலே நல்லா அலசிக் கஞ்சி போக்கினது. நாங்கள் பழைய காட்டன் சீலை கிழிச்சனாங்கள்.

பதிவேட்டுப் பக்கத்தை ட்ரான்ஸ்பரன்சி ஷீட்டில (கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தாள்) அடிக்கேக்க நிறம் மாத்தக் கூடாது. மை வெளிச்சத்தை மறைக்கும், அதால எழுத்து வெள்ளையாவும் சுத்திவர நீலமாவும் வரும். போட்டோ எண்டால் மட்டும் நெகட்டிவாக்குங்கோ. நான் ரெண்டையும் நெகட்டிவாக்கி முதல் சீலையைப் பழுதாக்கினன். மை இருக்கிற பக்கம் துணியில முட்டவேணும், அதால பிரிண்ட் எடுக்க முதல் இடம் வலம் திருப்புங்கோ, இல்லாட்டி பேரெல்லாம் கண்ணாடி எழுத்து. நல்ல வெயிலில 15 நிமிஷம், பிறகு தண்ணி தெளியும் வரைக்கும் அலசுங்கோ. காய்ஞ்ச பிறகு ஒரு 3 பென்ஸ் அபராதத்துக்கு மூண்டு சிவப்புத் தையல் போட்டனாங்கள், பென்ஸுக்கு ஒண்டு.

பின்சேர்க்கை: நவம்பரில வெயிலுக்கு எங்க போறது எண்டு ரெண்டு பேர் கேட்டிருக்கினம். நகத்துக்குப் பாவிக்கிற யூவி லாம்பு சின்னத் துண்டுக்குக் காணும், பெரிய துணிக்கு மே மாசம் வரைக்கும் பொறுங்கோ.

இன்னொண்டு: எங்கட நிறத்து முகங்கள் வேணும் எண்டு கேட்ட தங்கச்சிக்கு, 1976 க்ரன்விக் ஸ்ட்ரைக்கைப் பாருங்கோ, லண்டன் வில்ஸ்டன் பக்கம் இருந்த போட்டோ கழுவுற ஃபாக்டரி, முன்னுக்கு நிண்டவா ஜயாபென் தேசாய், கிழக்கு ஆபிரிக்காவில இருந்து வந்த குஜராத்திப் பொம்பிளையள். அந்தப் பகுதியின்ர பிரெண்ட் ஆர்க்கைவ்ஸில கேளுங்கோ. போட்டோக்கு உரிமை இன்னும் இருக்கும், காட்ட முதல் எழுதி அனுமதி எடுங்கோ.

சோப்புத் தூள் போட்டுத் தோய்ச்சு நீலம் மஞ்சளாப் போச்சு எண்டவாவுக்கு: அது இனித் திரும்பாது அக்கா, அடுத்ததைப் பச்சைத் தண்ணியில மட்டும் அலசுங்கோ.