முதல் ரீல் வாங்கும்போது
மும்பையில் கடலோரப் பாறையில் நின்று தூண்டில் போடப் போகிறீர்கள் என்றால் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல்களில் முதலில் ஸ்பின்னிங் ரீலையே வாங்குங்கள், 4000 அளவு போதும். இன்னொரு வகை ரீலான பெயிட்காஸ்டரில் வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலும் சேர்ந்து சுற்றும். எதிர்க்காற்றில் இரையின் வேகம் குறைந்தாலும் ஸ்பூல் நிற்காது, கட்டைவிரலால் சரியான நேரத்தில் அழுத்தாவிட்டால் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும், அதைப் பிரிப்பதற்குள் ஓதமே இறங்கிவிடும். ஸ்பின்னிங்கில் வீசும்போது ஸ்பூல் சுற்றாது, அதனால் அந்தத் தொல்லை மிகக் குறைவு, எடை குறைந்த லூரும் (செயற்கை இரை) நன்றாகப் போகும். கனமான லூரைக் குறிபார்த்து வீச பெயிட்காஸ்டர் அருமை, ஆனால் கை பழகட்டும். அப்புறம், உப்புத்தண்ணீர்தான் ரீலுக்கு எமன்: வீட்டுக்கு வந்ததும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறும் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு) இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, உலர்ந்ததும் தளர்த்தி வையுங்கள்.