‘ஸ்கிரீன்’ என்றதும் ‘திரை’ என்று எழுதிவிடாதீர்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள், ‘ஸ்கிரீன்’ என்ற சொல்லைக் கண்டதும் யோசிக்காமல் ‘திரை’ என்று எழுதுவார்கள். ஏசவும் முடியாது. ஒருமுறை அலுவலக அறிவித்தல் ஒன்றில் ‘புற்றுநோய்த் திரையிடல்’ என்று எழுதிக் கொடுத்தவள் நான். பக்கத்து வீட்டு மாமி வாசித்துவிட்டு, “என்ன படம் புள்ள, எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறேன். சொல்லை விடுங்கள், அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மறைக்கிறதா, காட்டுகிறதா, அரிக்கிறதா?

மறைப்பதுதான் மூத்த பொருள். குளிர்நாட்டு வீடுகளில் தணலின் வெக்கை முகத்தில் அடிக்காமல் வைத்த தடுப்புக்கு அந்தப் பெயர் இருந்தது. மண்டூர் முருகன் கோயிலில் பூசை திரைக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே ‘திரை’ சரி. கிணற்றடியில் கிடுகால் கட்டினால் ‘மறைப்பு’. யன்னலில் அடிப்பது நுளம்பு வலை. அது எதையும் மறைப்பதில்லை, காற்றை விட்டு நுளம்பைத் தடுக்கிறது.

காட்டுவது சுலபம்: சினிமாவுக்கும் கணினிக்கும் திரை. ஃபோன் கடையில் மட்டும் ‘டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சு’ என்று சொல்லுங்கள், உடனே விலை சொல்வார்கள்.

அரிப்பதில்தான் வில்லங்கம். பிட்டுக்கு மா அரிக்கிறோம், மேசன் பூச்சுக்கு மணல் அரிக்கிறார். ஆங்கிலம் ஆட்களையும் அதே சொல்லால் அரிக்கும். நாம் ‘விண்ணப்பதாரிகள் அரிக்கப்படுவர்’ என்று எழுதினால் அவர்கள் சொறிய வேண்டியதுதான். ‘விண்ணப்பங்கள் பரிசீலித்துத் தெரிவு செய்யப்படும்’ என்று எழுதுங்கள்.

நோய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களுக்குச் செய்யும் பாப் பரிசோதனையை எடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கும் அதைச் செய்கிறார்கள். கருப்பைக் கழுத்தில் மாற்றம் ஏதும் தெரிந்தால், அது புற்றுநோய்தானா என்பதை அடுத்த பரிசோதனைகள்தான் சொல்லும். அதனால் ‘நோய் கண்டறிதல்’ என்றும் எழுதக்கூடாது. அந்த அறிவித்தலை ‘புற்றுநோய் முன்பரிசோதனை’ என்று திருத்திக் கொடுத்தேன். மாமி இரண்டாம் முறை படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, காலையில் சாப்பிடாமல் வரவேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றேன்.

வாகனத்தின் விண்ட்ஸ்கிரீன்? முன் கண்ணாடி, அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷொட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.