சூடான எலக்ட்ரான் எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது? நானோபடிகத்தில் அளக்கும் முறை

ஒளியை வாங்கி மேல்நிலைக்கு ஏறிய எலக்ட்ரானைச் சூடானது என்றும், அது கீழ்நிலைக்கு இறங்குவதை ஆறுவது என்றும் சொல்வார்கள். சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்தித் துகளான காட்மியம் செலினைடு நானோபடிகத்தில், எலக்ட்ரானின் மிகத் தாழ்ந்த நிலையான 1எஸ்ஸுக்கும் அடுத்துள்ள 1பி நிலைக்கும் இடைவெளி ஏறத்தாழ 200 முதல் 300 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். படிக அதிர்வின் ஆற்றல் துணுக்கான ஒரு ஃபோனான் எடுத்துச் செல்வதோ சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். பத்து ஃபோனான்கள் ஒரே நேரத்தில் பிறந்தாலன்றி எலக்ட்ரான் இறங்க இயலாது, ஆகவே அது மேலேயே தங்கிவிடும் என்று ஒரு காலத்தில் கணித்தார்கள். ஆனால் 1998-இல் கிளிமோவும் மெக்பிராஞ்சும் அளந்தபோது, ஒரு பிகோவினாடிக்குள்ளேயே (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அது இறங்கிவிட்டது. மேலேறிய எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடமே துளை. நெருக்கமான ஆற்றல் படிகளைக் கொண்ட இந்தத் துளையிடம் எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒப்படைக்க, துளை அதைச் சிறிது சிறிதாக அதிர்வுகளுக்குக் கொடுத்துவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். வேகத்தை அளப்பதோடு நில்லாமல், ஆற்றல் துளை வழியாகத்தான் போகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

ஒரு லேசர் துடிப்பு மாதிரியைத் தூண்டும்; சற்றுத் தாமதித்து வரும் வெள்ளொளித் துடிப்பு அது ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று சோதிக்கும்; தாமதத்தை மாற்றி மாற்றி அளந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். டொலுயீனில் கரைத்த மாதிரியை மெல்லிய குவார்ட்ஸ் குப்பியில் எடுத்துக்கொண்டு, படிகம் ஒன்றுக்குச் சராசரியாக 0.1 ஃபோட்டான் மட்டுமே உட்கவரப்படும் அளவுக்குத் தூண்டும் லேசரின் செறிவைக் குறையுங்கள். அப்போதும், கிளர்ந்த படிகங்களில் இருபதில் ஒன்று இரண்டு ஃபோட்டான்களை வாங்கியிருக்கும். அத்தகைய படிகத்தில் ஓஷே மறுசேர்க்கை (ஒரு எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து, அந்த ஆற்றலை ஒளியாக விடாமல் இன்னொரு துகளுக்குக் கொடுப்பது) பத்து முதல் சில நூறு பிகோவினாடிகளில் நிகழும் என்பதால், வளைகோட்டில் பொய்யான ஒரு சரிவு தோன்றும். செறிவைப் பாதியாக்கிப் பாருங்கள்: உயரம் மட்டும் குறைந்து வடிவம் மாறாதிருந்தால் அளவீட்டைத் தொடரலாம். கரைசலைக் கலக்கிக்கொண்டே இருப்பதும் அவசியம். அசையாத கரைசலில் ஒளிபட்ட இடத்திலேயே மின்னூட்டம் பெற்ற படிகங்கள் சேர்ந்துவிடும். அலுப்பில் பலரும் விட்டுவிடும் படி இதுதான்.

தாமதத்தை அமைக்கும் கண்ணாடி 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தால், போகவர 0.3 மில்லிமீட்டர் கூடி, ஒரு பிகோவினாடி தாமதம் கிடைக்கும். ஒரு மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 6.7 ஃபெம்டோவினாடி (ஃபெம்டோவினாடி என்பது பிகோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால் தளர்ந்த திருகு ஒன்றே அளவீட்டைக் கெடுத்துவிடும். சோதிக்கும் வெள்ளொளியில் நீலம் சிவப்பைவிடப் பின்தங்கி வருவதையும், வெறும் டொலுயீனை அளந்து ஒவ்வொரு நிறத்துக்கும் சுழி நேரத்தை (இரு துடிப்புகளும் ஒன்றாக வந்து சேரும் கணத்தை) குறித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு முதல் உட்கவர் உச்சியை, அதாவது மிகக் குறைந்த ஆற்றலில் ஒளி உட்கவரப்படும் உச்சியை, கவனியுங்கள். 1எஸ் நிலையில் எலக்ட்ரான் வந்து அமர்ந்ததும் அங்கே உட்கவர்தல் குறையும். ஒருமுறை 1பி நிலைக்கும், மறுமுறை நேரடியாக 1எஸ் நிலைக்கும் தூண்டுங்கள். இரண்டாவது அளவீட்டில் அந்தக் குறைவு வளரும் வேகம் கருவியின் வேகத்தை மட்டுமே காட்டுவதால், அதைவிட முதலாவது எவ்வளவு பிந்துகிறதோ அதுவே எலக்ட்ரான் ஆறும் நேரம்.

துளையின் பங்கை அறிய, படிகப் பரப்பில் பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தை ஏற்றி மீண்டும் அளவிடுங்கள். துளையைப் பரப்புக்கு இழுத்து எலக்ட்ரானிடமிருந்து பிரிப்பது பிரிடின். அப்போது ஆறும் நேரம் சுமார் 0.3 பிகோவினாடியிலிருந்து 3 பிகோவினாடி வரை நீண்டால், ஆற்றல் துளை வழியாகவே போயிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் பிரிடின் ஏற்றும்போது படிகம் அரிக்கப்பட்டுச் சிறுத்தால் நிலைகளின் இடைவெளியே மாறிவிடும். எனவே முதல் உட்கவர் உச்சி இடம் பெயரவில்லை என்று உறுதி செய்த மாதிரிகளை மட்டுமே ஒப்பிடுங்கள்.